மூன்று துறைத்தலைவர்களும் ஓர் எலியும்

செப்டம்பர் 3, புதன்

தாளாளர் சென்னியப்பன் இன்று என்னை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். இந்த மலைக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக விலங்கியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். கௌரவம் என்பது சம்பளத்தில் குறைகிற பகுதியைக் குறிக்கும். அவர் என்னை உட்காரச் சொன்னது இதுவே முதல் தடவை.

விஷயம் இது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குக் காரபெட்டில் ஒரு சொகுசு விடுதியும் உண்டு. அங்கே வரும் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. பக்கத்தில் உள்ள சதுப்பைக் குத்தகைக்கு எடுத்து, மண் கொட்டி நிரப்பி, வாகன நிறுத்தம் ஆக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். வருவாய்ப் பதிவேட்டில் சதுப்பு ‘தரிசு’ என்று இருக்கிறது. புல்லும் தண்ணீரும் மட்டும் உள்ள இடத்துக்கு அந்தப் பதிவேட்டில் வேறு பெயர் கிடையாது. யாரோ அதை எதிர்த்து மனுப் போட்டுவிட்டார்கள். அங்கே காட்டு உயிர்கள் இனம் பெருக்குகின்றனவா என்று தகுதியுள்ள கல்வி நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு செய்து சொல்லும்படி ஈரநிலக் குழு கேட்டிருக்கிறது. இந்த மலையில் தகுதியுள்ள கல்வி நிறுவனம் விடுதிக்காரர்களின் கல்லூரிதான். அதில் தகுதியுள்ள ஆள் நான்.

“ஏனுங்க தணிகாசலம், நீங்க எலியிலதானுங்க டாக்டரேட்?”

“ஆமாங்க சார்.”

“அங்க புலி இல்லீங்க. காட்டெருமைகூட எப்பவாச்சும் எட்டிப் பாத்துட்டுப் போயிருது. மிச்சம் எலிதான். அதுவும் இல்லேன்னு நீங்க எழுதிட்டா முடிஞ்சுது. ஒரு மாசம் நல்லாத் தேடுங்க. தேடித்தான் இல்லேன்னு சொல்லோணும். தேடாம சொன்னா நம்ப மாட்டாங்க.”

எழுந்தபோது, “இது முடியட்டுங்க, உங்க நிரந்தர ஆர்டருல கையெழுத்துப் போட்டர்றேன்” என்றார். மேசை இழுப்பறையை லேசாகத் திறந்து காட்டி மூடினார். உள்ளே ஒரு காகிதம் இருந்தது. எனக்கு வயது நாற்பத்தாறு.

செப்டம்பர் 5, வெள்ளி

மடக்கு அலுமினியப் பொறிகள் கேட்டிருந்தேன். பண்டகசாலையார் கடைவீதியில் கம்பி எலிப்பொறிகள் வாங்கி வந்தார். இரைக்கு நிலக்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் என்று எழுதிக் கொடுத்ததற்கு, “எலிக்கா சார், உங்களுக்கா?” என்று கேட்டார். எனவே இரை, வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட். இந்த மலையில் பேக்கரி இல்லாத தெரு இல்லை. வர்க்கி இல்லாத பேக்கரி இல்லை.

பிடித்த எலியை அடையாளமிட்டு விடவேண்டும். காதில் மாட்டும் உலோகத் துண்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். புள்ளியியல் துறையில் எனக்குச் சமமான கௌரவத்துடன் இருக்கும் மெஹருன்னிசா மேடம் தன் பையிலிருந்து நகப்பூச்சு ஒன்றை எடுத்துத் தந்தார். கத்திரிப்பூ நிறம்.

“என் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது சார். அப்புறம் போட்டுக்க வேளை வரல. உங்க எலிக்காவது விசேஷம் வரட்டும்.”

முதுகில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்று விளக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. மணி அடித்தது.

செப்டம்பர் 8, திங்கள்

மாலையில் பொறிகளை வைத்தேன். காரபெட்டுச் சதுப்பு இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. ஓரத்தில் இடுப்பளவு புல், நடுவில் கோரை, அடியில் கறுப்புச் சேறு. இடது காலணி சேற்றிலேயே தங்கிவிட்டது. ராத்திரிக் குளிரில் எலி விறைத்துவிடாதிருக்க ஒவ்வொரு பொறியிலும் கொஞ்சம் பஞ்சு வைத்தேன்.

மேட்டில் மாதியக்கா என்ற படுகர் பெண்மணி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன தேடற வாத்தியாரே?”

“எலிங்க.”

“உன் வீட்ல இல்லையா?”

இது வேறு எலி என்று சொன்னேன். அவர் என் ஒற்றைக் காலணியைப் பார்த்தார். பிறகு, காரெல்லாம் வந்து நிற்க ஆரம்பித்தால் தனக்கு டீக்கடை போட இடம் தருவதாக விடுதிக்காரர்கள் சொல்லியிருப்பதாகவும், எனவே சீக்கிரம் தேடிவிட்டுப் போகும்படியும் கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிடைத்தது.

மில்லார்டியா. தமிழில் மென்மயிர் எலி எனலாம். பம்பாயில் மது வணிகம் பார்த்தபடியே இயற்கை வரலாற்றையும் பார்த்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரரின் பெயரை இந்தப் பேரினத்துக்கு வைத்திருக்கிறார்கள். வாழ்வது புல்வெளியிலும் ஈர நிலத்திலும். முதுகு சாம்பல் பழுப்பு, வயிறு வெளுப்பு, உடம்பைவிடக் குட்டையான வால், பெரிய காது. உள்ளங்காலின் மெத்தைகள் வீட்டெலிக்கு இருப்பதைவிடக் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு இதைக் கையில் எடுத்துப் பதினைந்து வருடமாகிறது. மயிர் அதே மாதிரிதான் இருக்கிறது.

பெண். வலது காதில் பழைய வெட்டு. என் மோதிர விரலைக் கடித்தது. அந்த விரலில் மோதிரம் இல்லாததால் பற்கள் நன்றாக இறங்கின. முதுகில் கத்திரிப்பூப் பொட்டு வைத்து, எண் ஒன்று என்று பதிந்து, விட்டுவிட்டேன்.

தாளாளரிடம் சொல்ல வாய்ப்பு அமையவில்லை. அவர் அறைக்கு முன்னால் இரண்டு தடவை நடந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

இன்னொன்று. பெண். முதுகில் பொட்டு இல்லை. எனவே எண் இரண்டு. வலது காதில் வெட்டு. இந்தச் சதுப்பின் எலிகளுக்கு அது பொது இயல்பாக இருக்கலாம். ஆராயவேண்டும்.

மோதிர விரல்.

செப்டம்பர் 13, சனி

எண் ஐந்து. இவையெல்லாம் ஒரே பொறியைத்தான் விரும்புகின்றன. ஓடைக்கரையில், கோரை மறைவில் இருக்கும் பொறி. மற்றவற்றில் தவளைகள்.

மெஹர் மேடத்திடம் கணக்குக் கேட்டேன். முதலில் பிடித்து அடையாளமிட்டவை, பிறகு பிடித்தவை, அதில் அடையாளத்துடன் திரும்பி வந்தவை. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் மொத்த எண்ணிக்கை கிடைக்கும். துறையில் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்.

“அடையாளத்தோட திரும்பி வந்தது எத்தனை சார்?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்போ பூஜ்யத்தால வகுக்கணும்.” பேனாவை மூடி வைத்தார். “சூத்திரப்படி உங்க சதுப்புல முடிவில்லாத எலி இருக்கு சார். உலகத்துல வேற எதுக்கும் இடம் இருக்காது. கார் நிறுத்தவும்தான்.”

நான் விரலில் கட்டுடன் நின்றேன். அவர் அதைப் பார்த்தார்.

“அஞ்சு எலியும் அதே விரலைத்தான் கடிச்சுதா?”

மற்ற விரல்களை மடக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம் என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

சதுப்பில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஈரத்தில் நகப்பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்று புத்தகங்களில் தேடவேண்டும். நூலகம் பூட்டியிருந்தது. திறந்த பிறகு தேடவில்லை, வேலை இருந்தது.

எலி எடை கூடியிருக்கிறது. எலிகளின் சராசரி எடை என்று எழுதியிருக்கவேண்டும். வர்க்கியின் விளைவு. நாளை முதல் வெண்ணெய் போட்ட வர்க்கி வாங்குவதாக இருக்கிறேன். சாதாரண வர்க்கியில் டால்டா அதிகம்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆய்வக உதவியாளர் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார். தாளாளர் மறுபடி அழைத்தார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

“பொறியில என்னமோ சிக்குதாமுங்க?”

“ஆமாங்க சார். மில்லார்டியா.”

“அதென்னங்க அது? விடுதிக் கிச்சன் பக்கத்துலதானுங்க இருக்குது. வீட்டெலி அங்கிருந்து வராம எங்கிருந்து வரும்? வீட்டெலின்னு போடுங்க. வீட்டெலிக்குக் குழு எதுவும் கெடையாதுங்க.”

யோசித்து எழுதுவதாகச் சொன்னேன்.

“நல்லா யோசிங்க. திங்கக்கெழம இன்ஸ்பெக்‌ஷன் வேற இருக்குது. சலூனுக்குப் போயிட்டு வந்துருங்க.”

செப்டம்பர் 22, திங்கள்

அங்கீகாரப் புதுப்பிப்பு ஆய்வு. அறக்கட்டளைக்கு மூன்று கல்லூரிகள்: மலையில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று, கீழே சமவெளியில் ஒன்று. மூன்றிலும் விலங்கியல் துறைத்தலைவர் இருக்கவேண்டும் என்பது விதி. மூன்றிலும் இருக்கிறார்.

காலையில் மலைக் கல்லூரியில் மீசையும் கம்பளிச் சட்டையுமாக முனைவர் தணிகாசலம் ஆனேன். பிறகு கல்லூரி வேன் கொண்டை ஊசி வளைவுகளில் எங்களை இறக்கியது. மெஹர் மேடம் பக்கத்து இருக்கையில் புடவைத் தலைப்பை மாற்றிக் கட்டிக்கொண்டு, “வேன் ஓடற வேகத்துக்கு எனக்கே நான் எந்தத் துறைன்னு மறந்துருது சார்” என்றார். அடிவாரத்தில் நான் கண்ணாடி அணிந்த டி. அசலம். சமவெளியில் மீசை இல்லாத கே. டி. சலம். மீசையை வேனிலேயே மழித்தேன். ஒரு வளைவில் தாடை வெட்டுப்பட்டது.

மூன்று இடத்துக்கும் வந்த ஆய்வாளர் ஒருவரே. விலங்கியல் பேராசிரியர் சேதுமாதவன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறதாம். மூன்றாவது கல்லூரியில் கையெழுத்துப் போடுமுன் என் தாடை ரத்தத்தைப் பார்த்தார்.

“உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு.”

“முகச்சாயல் சார்.”

“துறையே ஒரே குடும்பம் மாதிரி ஆயிடுச்சு” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். மதியம் அவர் இலையில் மட்டும் இரண்டு இனிப்பு.

செப்டம்பர் 25, வியாழன்

எடை இன்னும் கூடியிருக்கிறது. எண் பதினொன்று. பொறிக்குள் சாய்ந்து படுத்திருந்தது. கதவைத் திறந்ததும் ஓடாமல், வர்க்கியின் மிச்சத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் கிளம்பியது. கடிக்கவில்லை. ஒரு வேளை பழகியிருக்கலாம். புதிய எலி எப்படிப் பழகியிருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

மெஹர் மேடம் என் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை.

“ஒரே எலி சார்.”

“வலது காது வெட்டு பொது இயல்பா...”

“மூணு காலேஜ்லயும் விலங்கியல் ஹெச்.ஓ.டி.க்கு இடது கன்னத்துல மச்சம் இருக்கே. அதுவும் பொது இயல்பா?”

என் கை கன்னத்துக்குப் போனது.

“உங்களுக்கு முதல் நாள்ல இருந்தே தெரியும். நகப்பூச்சு தண்ணில நிக்காதுன்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நீங்க எலியில டாக்டர்.”

பதினொன்று என்று இருந்தால் யாரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள் என்று தோன்றியதாகச் சொன்னேன். சொல்லும் வரைக்கும் எனக்கு அப்படித் தோன்றியதாக நினைவில்லை.

“அந்த இழுப்பறைக் காகிதம்?”

“அதையும் யோசிச்சேன்.”

“ரெண்டையும் யோசிக்கிற ஆள் ஒரு எலியைப் பதினொண்ணா எழுதுவார், அப்புறம் பதினொண்ணையும் வீட்டெலின்னு எழுதுவார்.” பதிவுகளைத் திருப்பித் தந்தார். “நான் யாரையும் குத்தம் சொல்லல சார். நானும் மூணு இடத்துல புள்ளியியல்தான்.”

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆய்வகத்தில் நுண்ணோக்கிகள், தராசு, தவளை அறுக்கும் தட்டு எல்லாவற்றுக்கும் உதவியாளர் சந்தனம் குங்குமம் வைத்தார். ஆயுதம் என்றால் எல்லாம் ஆயுதம் என்று சதுப்பிலிருந்த பொறிகளையும் எடுத்து வரச்செய்து பொட்டு வைத்தார். கொண்டுபோய்த் திரும்ப வைத்தேன். இரைக்குப் பொரிகடலை.

அக்டோபர் 2, வியாழன்

வரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

வரவில்லை. ஓடைக்கரையில் பாம்பு ஊர்ந்த தடம் இருந்தது. சாரைப்பாம்பாக இருக்கலாம். பாம்புக்கும் உணவு வேண்டும் என்பது உயிரியலின் அடிப்படை. முதலாமாண்டு மாணவர்களுக்கு இன்று அதைத்தான் நடத்தினேன். பாதியில் நிறுத்திவிட்டு வருகைப்பதிவு எடுத்தேன்.

அக்டோபர் 4, சனி

வந்துவிட்டது. பாதியாக இளைத்து, நெற்றியில் பொறியின் குங்குமம் ஒட்டி. பொரிகடலையைத் தொடவில்லை. பொறியில் இருந்த பஞ்சை வாய்கொள்ளாத அளவு கவ்வி வைத்திருந்தது. வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். காம்புகள் நீண்டு, சுற்றியிருந்த மயிர் உதிர்ந்து, ஈரமாக இருந்தன.

ஈன்றிருக்கிறது. இத்தனை நாள் எடை கூடியது வர்க்கியால் அல்ல. எலியில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இது இன்றுதான் தெரிந்தது என்று எழுதிக்கொள்கிறேன்.

எடை போடவில்லை, எண் இடவில்லை. பஞ்சோடு விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்கப் பொறியில் கிடந்தால் குட்டிகள் பாலில்லாமல் செத்துவிடும். எல்லாப் பொறிகளையும் மூடினேன். அலுவலகத்தில் மழை காரணமாக மூடியதாகச் சொன்னேன். மழை இல்லை.

மெஹர் மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். வேலை நேரம் முடிந்த பிறகு அவருக்குத் தொலைபேசி செய்தது ஆய்வு தொடர்பாகத்தான்.

“அப்போ பொறிக்கு வராத ஒண்ணு அங்க இருக்கு” என்றார். “குறைஞ்சது ஒண்ணு. தனியா இருந்து குட்டி போட முடியாது.”

“சூத்திரத்துல வருமா?”

“பிடிபடாதது சூத்திரத்துல வராது சார். வாழும், அவ்வளவுதான்.”

அக்டோபர் 6, திங்கள்

தாளாளர் இழுப்பறையிலிருந்து காகிதத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். என் பெயர் முழுதாக, ஒரே ஆளாக இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

“புதன்கெழம குழுவுல இருந்து நேர்ல பாக்க வர்றாங்க. யார் தெரியுமுங்களா, நம்ம சேதுமாதவன் சார்தான். நமக்கு வேண்டியவரு. பொறி வெப்பீங்க. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் வீட்டெலி. சாப்பாட்டுக்கு நேரமா அனுப்பிச்சர்லாம்.”

மூன்று துறைத்தலைவர்களுக்கும் மாதக் கடைசியில் ஒரே சம்பளம். நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு உண்டு. அரக்கோணத்தில் அம்மாவுக்குக் கண்புரை இரண்டு கண்ணிலும் முற்றியிருக்கிறது. இவையெல்லாம் ஆய்வறிக்கையில் இடம்பெறக்கூடிய தகவல்கள் அல்ல.

அறிக்கையின் வரைவை எழுதினேன். ‘பிடிபட்ட உயிரி எதையும் காட்டு இனம் என்று ஐயமின்றி நிறுவ இயலவில்லை.’ நல்ல வாக்கியம். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் எலியைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

அக்டோபர் 8, புதன்

நேற்று மாலையே பொறி வைக்கச் சொல்லியிருந்தார்கள். குட்டிகளை உத்தேசித்து விடியும்போதுதான் வைத்தேன். இரை வைக்கவில்லை. வர்க்கி வாங்க மறந்துவிட்டது. பேக்கரியில் எனக்கு ஒரு பன் வாங்கும்போதுகூட நினைவு வரவில்லை. பஞ்சு மட்டும் வைத்தேன், குளிர் அதிகம்.

எட்டு மணிக்கு சேதுமாதவன் ரப்பர் காலணியில் வந்தார். தாளாளர், பின்னால் விடுதி ஆள் ஒருவர் குடையோடு. மாதியக்கா மேட்டில் அரிவாளை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். முதல் பொறி காலி. அடுத்தது காலி. தவளை. காலி. தாளாளர் சேற்றில் நடந்தும் முகம் மலர்ந்திருந்தார்.

ஓடைக்கரைப் பொறியில் அது இருந்தது. பஞ்சுக்கு வந்திருக்கிறது. நான் பஞ்சை யோசிக்கவே இல்லை.

“வீட்டெலிங்க சார்” என்றார் தாளாளர். “கிச்சன்ல இருந்து வர்றது. ஏனுங்க தணிகாசலம்?”

‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். எலி கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி என்னைப் பார்த்தது. பார்த்தது என்று எழுதுவது அறிவியல் அல்ல; இவற்றுக்குப் பார்வை மட்டு, வாசனைதான். பன் தின்ற கையை மோந்திருக்கும்.

பொறியைத் திறந்து கையில் எடுத்துத் திருப்பினேன்.

“மில்லார்டியா சார். உள்ளங்கால் மெத்தையைப் பாருங்க, வால் நீளத்தைப் பாருங்க. வீட்டெலி இல்ல. ஈன்று ஒரு வாரம் இருக்கும். பால் கொடுக்குது.”

மோதிர விரலை அது நிதானமாகக் கடித்தது.

சேதுமாதவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். காம்பின் மீது ஒரு விரலை மெல்ல வைத்தார். ஆய்வாளர் முகம் போய் வேறொரு முகம் வந்தது. அவரும் ஒரு காலத்தில் எதையோ ஆசைப்பட்டுப் படித்திருப்பார் போல.

“மொத்தம் எத்தனை பிடிச்சீங்க?”

“ஒண்ணு சார். இது மட்டும். பதினொண்ணுன்னு எழுதியிருக்கேன், அது தப்பு. அடையாளம் கழுவிப் போயிடுச்சு. ஆண் ஒண்ணு இருக்கணும், நான் பாக்கல.”

“சார், இவர் பேச்சை நம்பாதீங்க” என்று தாளாளர் முன்னால் வந்தார். “அவரே தப்பா எழுதினேங்கறாரு. இவரு ஒரு...” அங்கேயே நின்றார். நான் யார் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. ஒரே ஆள் என்றுகூட அவரால் சொல்லமுடியாது.

சேதுமாதவன் நிமிர்ந்து என் கன்னத்து மச்சத்தைப் பார்த்தார். மீசை பாதி வளர்ந்திருந்தது.

“எப்படிங்க நம்பாம இருக்கிறது?” என்றார் தாளாளரிடம், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். “உங்க மூணு காலேஜ்ல இருந்தும் மூணு துறைத்தலைவர் ஒரே மாதிரி சொல்றாங்க. நான் அவங்க மூணு பேருக்கும் தகுதி உண்டுன்னு போன மாசம்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போ இல்லைன்னா என் கையெழுத்து என்ன ஆகிறது?”

குடைக்காரர் சிரித்துவிட்டார். தாளாளர் திரும்பிப் பார்த்ததும் அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எலியைப் பஞ்சோடு விட்டேன். கோரைக்குள் போய்விட்டது. சேதுமாதவன் கிளம்பும்போது என் பக்கம் தாழ்ந்த குரலில், “ஒண்ணுன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். பதினொண்ணே போட்டிருப்பேன்” என்றார். பிறகு, “நல்ல எலி” என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

‘இனப்பெருக்கம் உறுதி செய்யப்பட்டது, நிரப்பும் பணி அனுமதிக்கத் தக்கதல்ல’ என்று குழு எழுதிவிட்டதாம்.

எனக்கு மூன்று உறைகள் வந்தன. மூன்று கல்லூரிகளும் தனித்தனியாகத் தத்தம் துறைத்தலைவரை விடுவித்திருக்கின்றன. அலுவலக நடைமுறையில் இவர்கள் ஒருபோதும் குறுக்குவழி எடுப்பதில்லை.

மெஹர் மேடம் ஆசிரியர் அறையில் மூன்றையும் வாங்கிப் படித்தார். “சமவெளிக்காரர் பாவம், மீசை கூட இல்லாத ஆள்” என்றார். பிறகு மூன்றையும் அந்தந்த உறையில் போட்டுத் தந்தார். திங்களன்று பொறிகளைத் திருப்பி ஒப்படைத்தால்தான் நிலுவையில்லாச் சான்று கிடைக்கும் என்றேன். தனக்குத் திங்கள் மதியம் வகுப்பு இல்லை என்றார். பேருந்து நிலையம்வரை வருவதாகவும் சொன்னார். அதையும் எழுதி வைக்கிறேன், தகவலுக்காக.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் பொறிகளை எடுக்கப் போனேன். புதனன்று நான் ஒரு பொறியைச் சரியாக மூடவில்லை. மேட்டோரப் புல்லில் இருந்ததை மறந்தே போயிருந்தேன். இது உண்மையான மறதி.

மாதியக்கா புல் கட்டோடு வழியை மறித்து நின்றார்.

“உன் எலிக்குப் புள்ள பொறந்துச்சு, என் டீக்கடை போச்சு.”

“ஆமாங்க.”

“ஆமாங்கறியே. என் மக மருதூர்ல பாத்திரம் கழுவறா. கடை வந்தா அவள இங்க கூட்டிக்கிட்டு வரலாம்னு இருந்தேன். எலி யாருக்கு என்ன பண்ணுது? சொல்லு, படிச்சிருக்கியே.”

பாம்புக்கு உணவு, புல்லுக்கு விதை, மண்ணுக்குக் காற்று என்று முதலாமாண்டுக்குச் சொல்வதைச் சொல்ல வந்தேன். அவர் மகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. “எனக்கும் வேலை போயிடுச்சு” என்றேன்.

“உனக்குமா?” கட்டைக் கீழே போட்டார். “அப்போ யாருக்குத்தான் லாபம் இதுல?”

மேட்டோரப் பொறி மூடியிருந்தது. தூக்கினேன். உள்ளே ஒன்று. உடம்பு பெரியது, மயிர் சேறு படிந்து கரடு தட்டியது, இரண்டு காதும் முழுசு. பயத்தில் பின்கம்பியோடு ஒட்டி நடுங்கியது. எப்போது வந்தது, எதற்கு வந்தது என்று தெரியவில்லை. இரை இல்லை, நனைந்து கட்டிப்போன பஞ்சு மட்டும். ஆணா என்று திருப்பிப் பார்க்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். அதெல்லாம் சம்பளம் வாங்குகிறவன் பார்க்கவேண்டியது.

மாதியக்கா பக்கத்தில் வந்து குனிந்தார்.

“இதுதான் அப்பனா?”

“இருக்கலாம்.”

“எழுதிக்கலையா?”

“யாருக்கு?”

அவர் அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையில் முடிந்திருந்த கடலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கம்பிக்குள் போட்டார். அது தொடவில்லை.

“சரி, திறந்து விடு வாத்தியாரே” என்றார். “இங்கயே நின்னா எவனாவது வந்து எண்ணிருவான்.”

திறந்தேன்.